மற்றவர்கள் என்ன சொல்வார்கள்?

சாதி வேற்றுமையைக் கைவிட மறுப்பவர்கள் பெரும்பாலும் அடுத்தவரின் ஆட்சேபத்தையே காரணமாகக் காட்டுகிறார்கள். அந்த ஆட்சேபம் எவ்வளவு உண்மை? திருவனந்தபுரத்தின் ஒன்றரை நூற்றாண்டு அனுபவமும் சமூக உளவியல் ஆய்வுகளும் சொல்லும் பதில் சுவாரஸ்யமானது.

திருவனந்தபுரம் பேட்டையில் 1863-ல் பிறந்த பல்பு படிப்பில் கெட்டிக்காரர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மருத்துவப் படிப்புக்குத் தகுதி பெற்றார், இடம் கிடைக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டராகத் திரும்பினார்; வேலை கிடைக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அவர் ஈழவர். சொந்த சமஸ்தானம் வேண்டாம் என்று தள்ளிய டாக்டரை மைசூர் சமஸ்தானம் எடுத்துக்கொண்டது. 1890-களின் இறுதியில் பெங்களூரை பிளேக் தாக்கியபோது களத்தில் நின்று வேலை பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

1891-ல் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் ஒரு விண்ணப்பம் போனது. 'மலையாளி மெமோரியல்' என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற அந்த மனுவில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். நாயர்கள், கிறிஸ்தவர்கள், ஈழவர்கள் எல்லோரும் அதில் உண்டு. டாக்டர் பல்புவும் உண்டு. உயர்ந்த அரசுப் பதவிகள் வெளியூர் பிராமணர்களுக்கே போகின்றன, மண்ணின் மக்களுக்கு இல்லை என்பது புகார். அரசு தந்த பதிலில் ஈழவர்களைப் பற்றிய பகுதி இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. மக்களின் மரியாதையைப் பெறவேண்டிய பதவிகளுக்கு அவர்களின் சமூக நிலை பொருந்தாது. மலபாரைவிட இங்குள்ள ஜனங்கள் பழமையில் ஊறியவர்கள் என்பது அதன் சாரம்.

இந்தப் பதிலில் இருந்த சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். ஈழவர்கள் தகுதியற்றவர்கள் என்று அரசு நேரடியாகச் சொல்லவில்லை. ஜனங்கள் அவர்களை மதிக்கமாட்டார்கள் என்றது. அந்த ஜனங்களை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. 1896-ல் 13,176 ஈழவர்கள் கையெழுத்திட்டுத் தனியாக இன்னொரு மனு கொடுத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை.

"எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் யோசிக்கிறேன்." வாடகைக்கு வீடு கேட்டு வருபவரின் ஊரையும் தெருவையும் விசாரித்து சாதியைத் தெரிந்துகொள்ளும் வீட்டுக்காரர் இதைத்தான் சொல்கிறார். மகள் காதலிக்கும் பையனைப் பற்றி அப்பா சொல்வதும் இதுவே. எந்த மொழியில் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. தப்பெண்ணத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடினால், எல்லோரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டுகிறார்கள்.

தப்புக் கணக்கு

சமூக உளவியலாளர்கள் இந்தக் கைகாட்டலைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழக மாணவர்களிடம் டேனியல் காட்ஸ், ஃபிளாய்ட் ஆல்போர்ட் என்ற இருவர் நடத்திய ஆய்வு 1931-ல் வெளியானது. தங்கள் விடுதிச் சங்கங்களில் சிறுபான்மை இன மாணவர்களைச் சேர்ப்பதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று சொன்ன பலரே, மற்ற மாணவர்கள் அதை ஏற்கமாட்டார்கள் என்றும் நம்பினார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பற்றித் தப்புக் கணக்குப் போட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து, பலரும் மனதார விரும்பாத ஒரு வழக்கத்தைக் கட்டிக்காத்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் இன்னொரு விசித்திரத்தைக் கண்டார். சீனர்கள் மீது வெறுப்பு பரவியிருந்த காலத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியுடன் அவர் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். ஏறிய ஓட்டல்கள், விடுதிகள் 251. ஒரே ஓர் இடத்தில்தான் இடம் மறுக்கப்பட்டது. பிறகு அதே இடங்களுக்கு, சீனர்களை ஏற்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்கள் மாட்டோம் என்றார்கள். 1934-ல் வெளியான இந்த ஆய்வில் குறைகள் உண்டு. கூடவே ஒரு வெள்ளைக்காரர் போனதும், கடிதத்துக்குப் பதில் எழுதியவர் வாசலில் வரவேற்றவராக இல்லாமல் இருக்கலாம் என்பதும் பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டியவை. ஆனால் ஒரு விஷயத்தை அது தெளிவாக்கியது. காகிதத்தில் 'முடியாது' என்று தெரிவது, ஆள் நேரில் வந்து நின்றால் சில சமயம் முடிந்துவிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு, தப்பெண்ணம் என்பதே வெறும் மனப்பிரமை என்று முடிவு கட்டிவிட முடியாது. மற்றவர்களின் ஆட்சேபம் பொய்யாக இருந்த இடங்களும் உண்டு, கொள்ளி வைக்கும் அளவுக்கு நிஜமாக இருந்த இடங்களும் உண்டு. இரண்டையும் திருவிதாங்கூர் பார்த்திருக்கிறது.

முரட்டுத் துணி

நிஜமான ஆட்சேபத்துக்கு உதாரணம் தோள்சீலைப் போராட்டம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் தென்பகுதி. அங்கே நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்த கலகம் 1858-59-ல் உச்சத்துக்குப் போனது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யனின் நெருக்கடிக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாளின் பிரகடனம் வந்தது.

அதன் வாசகம் விநோதமானது. நாடார் பெண்கள் உடலை மறைத்துக்கொள்ளலாம். கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல ரவிக்கை அணியலாம். மீனவப் பெண்களான முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி மட்டும் அணியக்கூடாது.

மறைப்பதுதான் பிரச்சினை என்றால், எந்தத் துணியால் எப்படி மறைத்தால் என்ன? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-ல் வெளியிட்ட சோதனைகள் இந்தக் கேள்விக்கு வெளிச்சம் தருகின்றன. போலந்தில் பிறந்த யூதரான அவர், நாஜிகளிடம் தன் குடும்பத்தை இழந்தவர். பள்ளிச் சிறுவர்களை அற்பமான காரணம் சொல்லி இரண்டு குழுக்களாகப் பிரித்தார். திரையில் தெரிந்த புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னவர்கள் ஒரு குழு, குறைத்துச் சொன்னவர்கள் இன்னொரு குழு. யார் எந்தக் குழு என்று ஒருவருக்கொருவர் தெரியாது. பழைய பகையும் இல்லை. பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்குச் சாதகமாகப் பங்கிட்டார்கள். அதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு. தம் குழுவுக்கு அதிகப் பணம் கிடைக்கும் வழியை விட்டுவிட்டு, தொகை குறைந்தாலும் எதிர்க்குழுவை அதிக வித்தியாசத்தில் முந்தும் வழியைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள்.

கீழே இருப்பவர்கள் எவ்வளவு பெறுகிறார்கள் என்பதைவிட, இடைவெளி எவ்வளவு என்பதில்தான் மேலே இருப்பவர்களுக்குக் கண். 1859 பிரகடனம் துணியை அனுமதித்துவிட்டு இடைவெளியைக் காப்பாற்றியது. இப்போதும் ஒரு தலித் இளைஞர் மோட்டார் சைக்கிளில் போவதும், மாப்பிள்ளை குதிரையில் ஏறுவதும் வட மாநிலங்களில் தாக்குதலில் முடிந்திருக்கின்றன. குதிரையால் யாருக்கும் நஷ்டம் இல்லை. குறைந்துபோன இடைவெளிதான் உறுத்துகிறது.

வில்வண்டியும் வயலும்

திருவனந்தபுரம் வெள்ளயம்பலம் சந்திப்பில் வெண்கலச் சிலையாக நிற்கும் அய்யன்காளி இந்த இடைவெளியோடு நேருக்கு நேர் மோதியவர். நகரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863-ல், பல்பு பிறந்த அதே ஆண்டில், புலையர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போக வழியில்லாததால் எழுதப் படிக்கத் தெரியாது. புலையர்கள் பொதுச் சாலையில் நடக்கக்கூடாது என்றிருந்த காலத்தில், 1893-ல் ஒரு வில்வண்டி வாங்கி, வெள்ளை உடுத்தி, அந்தச் சாலையிலேயே ஓட்டினார். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. சொன்னார்கள், அடிக்கவும் வந்தார்கள். வண்டி நிற்கவில்லை.

1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். அடுத்த இலக்கு பள்ளிக்கூடம். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்க அரசு ஆணை பிறப்பித்தது. ஆணை இருந்தது, சேர்க்கை நடக்கவில்லை. ஊருட்டம்பலம் பள்ளிக்கு பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளியே அழைத்துப் போனார். ஆத்திரமடைந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையே கொளுத்தத் துணிந்தார்கள் என்பது தாஜ்ஃபெலின் சோதனைக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட விளக்கவுரை மாதிரி இருக்கிறது. பாதி எரிந்த ஒரு பெஞ்சு அங்கே பாதுகாக்கப்பட்டது. 2022-ல் அந்த அரசுப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது.

பள்ளியில் இடம் இல்லையென்றால் வயலில் ஆள் இல்லை. இதுதான் அய்யன்காளியின் பதில். விவசாயத் தொழிலாளர்கள் ஏறக்குறைய ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நடவு இல்லை, களையெடுப்பு இல்லை. பட்டினி கிடந்த அவர்களுக்கு விழிஞ்ஞம் மீனவர்கள் தம் படகுகளில் வேலை கொடுத்தார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. முரட்டுத் துணியின் இலக்கணமாக 1859 பிரகடனம் சுட்டிக்காட்டிய அதே மீனவச் சமூகம்.

நன்மனதை அய்யன்காளி கெஞ்சிக் கேட்கவில்லை. ஒருவர் இன்னொருவரை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்ற கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1911-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக நியமிக்கப்பட்டபோதும், ஆண்டுதோறும் கேட்டது நிலமும் பள்ளிக்கூடமும்தான். நகரத்தின் புகழ்பெற்ற விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் 2019 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது.

எண்ணிப் பார்த்தபோது

கோயில் விஷயத்தில் 'மற்றவர்கள்' என்ற வாதம் இன்னும் வலுவாக இருந்தது. சவர்ண இந்துக்களின் மனம் புண்படும் என்றார்கள். வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. போய்ச் சிறையேறினார். புண்படுவார்கள் என்று சொல்லப்பட்ட சவர்ணர்களோ, அந்த ஆண்டு நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே வந்தார்கள். தெருக்களைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டு, 25,000-க்கு மேற்பட்ட சவர்ணர்கள் கையெழுத்திட்ட மனுவை ரீஜண்ட் மகாராணி சேதுலட்சுமிபாயிடம் கொடுத்தார்கள். 1925 பிப்ரவரியில் சட்டசபையில் வந்த தீர்மானம் 22-க்கு 21 என்று ஒரே ஓட்டில் தோற்றது. சபையின் மனம் ஊரின் மனத்தைவிடப் பின்தங்கியிருந்தது.

இன்னும் துல்லியமான கணக்கு குருவாயூரில் கிடைத்தது. பிரிட்டிஷ் மலபாரில் இருந்த அந்தக் கோயிலை எல்லா இந்துக்களுக்கும் திறக்கக் கோரி 1932-ல் கே. கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். காந்தியின் வேண்டுகோளால் உண்ணாவிரதம் நின்றது; அதே ஆண்டு பொன்னானி தாலுகாவில் வாக்கெடுப்பு நடந்தது. கோயிலுக்குள் போக ஏற்கெனவே உரிமை உள்ளவர்களிடம் மட்டுமே கேட்டார்கள். சுமார் 20,000 வாக்குகளில் ஏறக்குறைய 77 சதவிகிதம் ஆதரவு. எதிர்ப்பு 13 சதவிகிதம். மீதிப்பேர் நடுநிலை. 'ஊரே எதிர்க்கும்' என்ற நம்பிக்கைக்குப் பின்னால் இருந்தது எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் குருவாயூரின் கதவு 1947 வரை திறக்கவில்லை. பெரும்பான்மை அமைதியாகவும் சிறுபான்மை சத்தமாகவும் இருக்கும்போது, சத்தமே ஊரின் குரலாகிவிடுகிறது.

திருவிதாங்கூர் முந்திக்கொண்டது. 1936 நவம்பர் 12-ல் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இதைக் கருணையின் விளைவாக மட்டும் பார்க்க முடியாது. முந்தைய ஆண்டில்தான் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்திருந்தார். மதம் மாறலாமா என்று ஈழவர்களிடையே வெளிப்படையாகவே பேச்சு நடந்தது. காரணம் எதுவானாலும், கதவு திறந்தது. பல பத்தாண்டுகளாக எச்சரிக்கப்பட்டு வந்த பெருங்கலவரம் வரவில்லை. 1937 ஜனவரியில் காந்தி இதைக் கொண்டாட வந்தபோது வெங்ஙானூரில் அய்யன்காளியைச் சந்தித்தார். தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று அய்யன்காளி தன் ஆசையைச் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. கோயில் திறந்த சந்தோஷத்திலும் அவர் நினைப்பு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது.

ஒரு பிரகடனம் எப்படி மனத்தை மாற்றும்? மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்கிறது ருவாண்டாவில் எலிசபெத் லெவி பலக் செய்த ஆய்வு. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு, இரண்டு கிராமங்களின் பகையையும் சமரசத்தையும் சொல்லும் வானொலி நாடகத்தைச் சில ஊர்களில் ஓராண்டு கேட்க வைத்தார்கள். 2009-ல் வெளியான முடிவு எதிர்பாராதது. கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. தங்கள் ஊரில் எது ஏற்கத்தக்கது, மற்றவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற கணிப்பு மாறியது. அதோடு நடத்தையும் மாறியது. பிரகடனம் செய்ததும் அதுதான். உள்ளுக்குள் முணுமுணுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் திசை மாறி, தடுப்பவர்களின் பக்கம் போய்விட்டது.

பத்து சென்ட் நிலம்

கதவு திறந்தால் போதுமா? 1970 ஜனவரி 1-ல் கேரள நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, குத்தகைக்காரர்கள் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்த நிலத்தில் உண்மையாகவே சேற்றில் நின்ற தலித் தொழிலாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் குடிசை இருந்த மனை மட்டும். கிராமத்தில் அதிகபட்சம் பத்து சென்ட், நகரில் அதைவிடக் குறைவு. இடைவெளி மறுபடியும் பிழைத்துக்கொண்டது. அய்யன்காளி சபையில் கேட்ட நிலம் அவர் பேரப்பிள்ளைகள் காலத்திலும் முழுதாக வந்து சேரவில்லை.

சொத்தில் நிற்கும் ஏற்றத்தாழ்வு மனத்துக்குள்ளும் புகுந்துகொள்கிறது. உத்தரப் பிரதேச கிராமங்களில் 600-க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்து கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் செய்த சோதனை 2000-களின் நடுவில் வெளியானது. சிறுவர்கள் காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சரியான விடைக்குப் பணம். யார் எந்தச் சாதி என்று அறிவிக்காதபோது, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் உயர்சாதிப் பிள்ளைகளும் ஏறக்குறைய சமமாகச் செய்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் படித்ததும், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண் சரிந்தது. அறிவு ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடாது. நமக்கு இங்கே நியாயம் கிடைக்காது என்ற எதிர்பார்ப்பு கையைக் கட்டிவிட்டது. இங்கேயும் வேலை செய்தது 'மற்றவர்கள்' பற்றிய கணிப்புதான். கீழே இருப்பவரும் அதைப் போடுகிறார். ஆனால் அவர் கணக்கு அனுபவத்திலிருந்து வருவது.

அந்த அனுபவம் தப்பில்லை என்று 2007-ல் சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் காட்டினார்கள். பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே காலத்தில் ஆளெடுக்கும் அதிகாரிகளைப் பேட்டி கண்ட இன்னொரு ஆய்வில், எல்லோருமே தகுதியைத்தான் பார்க்கிறோம் என்றார்கள். கூடவே 'குடும்பப் பின்னணி' பற்றி விசாரிப்பதாகவும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

முகவரியும் காட்டிக்கொடுக்கும். கேரளத்தில் தலித் குடியிருப்புகளுக்கு அரசே வைத்த 'காலனி' என்ற பெயர், விண்ணப்பத்தில் எழுதியதுமே ஆளின் சாதியைச் சொல்லிவிடும். 2024 ஜூனில் அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகுவதற்கு முன் கடைசியாகப் போட்ட உத்தரவு, அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கியது. பெயர்ப்பலகை மாறினால் பத்து சென்ட் இருபதாகாது. ஆனால் படிவத்தை நிரப்பும் பெண்ணின் பேனா ஒரு நொடி தயங்காமல் இருந்தால், அதுவும் லாபம்தான்.

கடற்கரையிலிருந்து வந்த படகுகள்

வெவ்வேறு பிரிவினர் பழகினால் தப்பெண்ணம் தானாகக் கரையும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் இதற்கு நிபந்தனைகள் போட்டார். பழகுபவர்கள் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். சேர்ந்து உழைக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். இவை இல்லாத பழக்கம் ஜமீன்தாரும் பண்ணையாளும் பழகுவது போலத்தான். தலைமுறை தலைமுறையாகப் பழகியும் தூரம் குறையாது.

2017-ல் உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் கிரிக்கெட் போட்டிகள் நடத்தி இதைச் சோதித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்களைக் குலுக்கல் முறையில் அணிகளில் சேர்த்தார். ஒரே அணியில் பல சாதியினர் ஆடியபோது சாதி தாண்டிய நட்பு அதிகரித்தது. எதிரணியாக மோதியபோது நெருக்கம் வளரவில்லை, குறையத் தொடங்கியது. ஒரே மைதானம், ஒரே ஆட்டம். தோளோடு தோள் நின்றார்களா, எதிரெதிரே நின்றார்களா என்பதில் இருந்தது வித்தியாசம்.

கேரளம் இதை 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நிஜமாகவே பார்த்தது. பூந்துறை, விழிஞ்ஞம் முதலான திருவனந்தபுரம் கடலோர ஊர்களிலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். அரசு கணக்குப்படி ஏறக்குறைய 670 படகுகள், 4,500-க்கு மேற்பட்ட மீனவர்கள், மீட்கப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர். கேரளத்தின் சொந்த ராணுவம் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் பாராட்டினார். மீன் நாற்றம் என்று முகம் சுளித்தவர்கள் அந்தப் படகுகளில் உயிர் பிழைத்தார்கள். தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டு ஒரு குடும்பம் படகில் ஏறியதாகவும் அப்போது செய்தி வந்தது. கழுத்தளவு தண்ணீரிலும் இடைவெளி நீந்தத் தெரிந்துவைத்திருக்கிறது.

இந்த மீனவர்களைப் பற்றித் திருவனந்தபுரம் உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் முன்பே எச்சரித்திருந்தது. எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் ஏழைக் கேரளம் பணக்கார நாடுகளைத் தொடுகிறது என்ற 'கேரள மாதிரி' விவாதத்தை 1975-ல் தொடங்கிவைத்த ஆய்வு இதே மையத்துடையது. அந்த மாதிரியில் சேராமல் வெளியே விடப்பட்டவர்கள் மீனவர்கள் என்று 1995-ல் எழுதியவரும் அங்கே பணிபுரிந்த ஜான் குரியன்தான். சராசரி உயர்ந்தது, கடற்கரை பின்தங்கியது.

வெள்ளம் வடிந்த நான்காண்டுகளில் அதே கடற்கரை போராட்டக் களமானது. கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் சிமெண்ட் கிடங்குகளில் வாழ்ந்துகொண்டிருந்தன. 2022-ல் மறுவாழ்வு கேட்டும், விழிஞ்ஞம் துறைமுக வேலையை நிறுத்தி ஆய்வு செய்யச் சொல்லியும் மீனவர்கள் நான்கு மாதங்களுக்கு மேல் போராடினார்கள். நேற்றைய ராணுவம் இன்று வளர்ச்சிக்கு எதிரி என்று தூற்றப்பட்டது. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் மாற்றம் வேகமாக நடந்தது. வெள்ளத்தில் பொது இலக்கும் சேர்ந்து உழைப்பதும் இருந்தன. சம அந்தஸ்து மட்டும் இல்லை. மெடலும் பாராட்டும் கிடைத்தன. கரையில் வீடு கிடைக்கவில்லை. நன்றி உணர்ச்சி சமத்துவம் ஆகிவிடாது. அது மேலிருந்து கீழேயும் கொடுக்கப்படலாம்.

யார் முதலில்?

2017 அக்டோபரில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டுக்கு 62 பூசாரிகள் தேர்வானார்கள். எழுத்துத் தேர்வு, நேர்முகம், இட ஒதுக்கீடு எல்லாம் மற்ற அரசு வேலைகளைப் போல. 36 பேர் பிராமணரல்லாதவர்கள், அவர்களில் 6 பேர் தலித்துகள். கருவறைக்குள் தலித் பூசாரி நின்றதைப் பக்தர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

2025-ல் எதிர்மாறான ஒன்று நடந்தது. திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலில், மாலை கட்டும் கழகப் பணிக்கு முறைப்படி தேர்வாகி வந்த ஓர் ஈழவ இளைஞரைத் தந்திரிகள் ஆட்சேபித்தார்கள். சடங்குகளிலிருந்து விலகி நின்றார்கள். அவர் அலுவலக வேலைக்கு மாற்றப்பட்டார், பிறகு ராஜினாமா செய்தார். பக்தர்கள் அவர் கட்டிய மாலையை வேண்டாம் என்றார்களா என்று யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. பல்புவுக்கு 1891-ல் சொல்லப்பட்ட பதிலுக்கு 134 வயதாகியும் பல் விழவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் இடையே ஜனங்களின் மனம் தலைகீழாக மாறியிருக்க வாய்ப்பில்லை. முதலாவதில் நிர்வாகம் உறுதியாக நின்றது. இரண்டாவதில் ஆட்சேபித்த சிலருக்காக விலகியது. எது சகஜம், எது சகஜம் இல்லை என்பதை ஊர் அந்த நேரத்தில்தான் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொடுப்பவர்கள் போர்டு, பள்ளி, கம்பெனி, குடும்பத்தில் மூத்தவர் ஆகியோர்தான்.

மனம் மாறட்டும், பிறகு நடைமுறையை மாற்றலாம் என்பது காத்திருக்கச் சொல்லும் யோசனை. காத்திருந்தவர்களுக்கு எதுவும் கிடைத்ததாகத் திருவிதாங்கூர் சரித்திரத்தில் பதிவு இல்லை. நடைமுறை மாறிய இடங்களில், தாமதமாகவும் அரைகுறையாகவும், மனமும் பின்னால் வந்திருக்கிறது. நிலமும் வேலையும் வீடும் மாறாத இடங்களில் அது பாதி வழியில் நின்றுவிட்டது.

அடுத்த முறை ஒருவர், 'எனக்கு ஆட்சேபம் இல்லை, மற்றவர்கள்தான்' என்று தொடங்கினால், அந்த மற்றவர்கள் யார், எத்தனை பேர் என்று பெயரும் எண்ணிக்கையும் கேட்கலாம். பொன்னானி தாலுகாவில் 1932-ல் கேட்டார்கள். எட்டில் ஒரு பங்கு என்று பதில் வந்தது.